ஜன்னலோரக் கீழ்க்கட்டில்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் சலவை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டருக்கும் அவள் சலவை அக்கா, வாசல் காவலாளிக்கும் சலவை அக்கா. வெறும் "அக்கா" என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்தன் இருந்தான், கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு உறவுக்காரர்கள் வைத்த பேர் காத்தாடி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். தொழில் பெயிண்டர். ஓர் ஊரில் பூசிய சுவர் காய்வதற்குள் இன்னோர் ஊரில் ஏணியைச் சாத்தியிருப்பான்.

அந்தத் தம்பி செத்து, மண்ணுக்குள்ளும் போன பிறகுதான் அக்காவுக்குச் சேதி தெரிந்தது.

அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காதே, எல்லாம் ஏமாற்றுக்காரப் பயல்கள் என்று மகன் சொல்லி வைத்திருந்தான். சலவைக்கூடத்தில் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நம்பர் திரும்பத் திரும்ப வந்தது. அவள் ஈரக்கையை முன்றானையில் துடைத்துத் துடைத்து அதை வெட்டிக்கொண்டே இருந்தாள். "திருட்டுப்பய, விடமாட்டேங்கறான் பாரு" என்று பக்கத்தில் மடிக்கிறவளிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். கடைசியில் ஒரு சாயங்காலம், நல்லா நாலு வார்த்தை திட்டிவிடலாம் என்று எடுத்தாள். எடுத்த இடத்தில், ஒரு ஹாஸ்டலின் மேலாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். உங்கள் தம்பி இங்கேதான் தங்கியிருந்தார், வேலை செய்யும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. வெயில் காலம். உங்களைப் பிடிக்கப் பார்த்தோம், முடியவில்லை. நாங்களே அடக்கம் பண்ணிவிட்டோம்.

கடைசியாக அவர் இன்னொன்றும் சொன்னார். "அவரு படுத்திருந்த இடத்தை அப்படியே வெச்சிருக்கோம்மா. சொந்தக்காரங்க யாராச்சும் வரட்டும்னு."

அந்த ஒரு பேச்சைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

மகன் மாமனார் ஊரோடு போனவன். அவன் போனில், "நானும் வரட்டுமாம்மா?" என்று கேட்டான். கேட்ட தோரணையிலேயே வரப்போவதில்லை என்று தெரிந்தது. "நீ வேலையைப் பாரு. அவன் முகத்தைப் பாக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கல. அவன் படுத்த படுக்கையில ஒரு தடவ படுத்துட்டு வந்துடறேன். அவன் வாசனையாச்சும் மிச்சம் இருக்கும்ல" என்றாள்.

முகம் பார்த்தே பல வருஷம் ஆகிவிட்டிருந்தது. தாய் இறந்தபோது காத்தாடி ரொம்பத் தாமதமாக வந்து நின்றான், கையில் பழப்பையோடு. வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா மக்கள், தாய்மாமன், அவருடைய இரண்டாம் சம்சாரம், எல்லோரும் பார்க்க, வாசலிலேயே வைத்து அக்கா கேட்டுவிட்டாள்: "பழம் வாங்கிட்டு வந்திருக்கியே, யாரு வீட்டுக்கு விருந்தாடி வந்திருக்கே?" அவன் சிரித்தான். சாப்பிட்டான். படுத்தான். காலையில் போனான். அதோடு சரி. எப்போதாவது போன் பண்ணுவான், "நல்லா இருக்கியாக்கா" என்பான், வைத்துவிடுவான். வாடா என்று இவளும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அவனை வளர்த்தவளே அவள்தான். அவன் பிறந்தபோது அவள் பாவாடைச் சிறுமி. பிரசவத்தோடு தாய்க்கு உடம்பு விழுந்துவிட்டது. அத்தை இருந்தாள், அவளுக்குத் தன் வயிற்றுப் பிள்ளைகளே பாரம். பெரியம்மா வந்தாள், வந்தவள் வீட்டில் இருந்த குறைகளை எண்ணிச் சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை ஏறி உட்கார்ந்தது அக்கா இடுப்பில்.

தனியாக வெளியூர் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ராத்திரி முழுவதும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, விடிந்த பிறகு இறங்கி, நாலு பேரிடம் கேட்டு, அந்த ஹாஸ்டலைக் கண்டுபிடித்துவிட்டாள். மாடிக் கட்டடம். வாசலில் செருப்பும் சேறு அப்பிய பூட்சுமாகக் குவிந்து கிடந்தன. முழங்காலில் கட்டுப் போட்ட ஓர் ஆள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனும் ஊர் சுற்ற வந்து தங்கியவன்தான். மலை ஏறப் போய் விழுந்து வந்திருந்தான்.

"மேலாள் இருக்காரா தம்பி?"

"சாவிக்காரரா? சந்தைக்குப் போயிருக்காரு பெரியம்மா. நீங்க மேல போய்ப் படுங்க. எது காலியா இருக்கோ அதுல."

"பொம்பளைங்களுக்கு எந்த ரூமு?"

"எல்லாருக்கும் ஒரே ரூமுதான். பயப்படாதீங்க, இங்க யாரும் யாரையும் பாக்கறதில்ல. எல்லாரும் மேப்பைத்தான் பாக்கறாங்க."

தான் யார் என்பதை அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வந்ததும் வராததுமாகச் சாவுச் சேதியை ஒரு நொண்டிக்காலனிடம் அவிழ்ப்பானேன், அந்தச் சாவிக்காரரே வரட்டும் என்று மேலே போனாள்.

ஹாஸ்டல் என்றால் எப்படியிருக்கும் என்று அவள் கண்டதில்லை. தம்பிக்குப் பூட்டும் சாவியுமாகத் தனி அறை ஒன்று இருக்கும், அதைத்தான் அப்படியே பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்தது ஒரே நீள அறை. கட்டிலுக்கு மேல் கட்டில், ரயில் பெட்டி மாதிரி. ஒவ்வொரு கட்டில் கம்பியிலும் துண்டு, காலுறை, உள்ளாடை, எல்லாம் தொங்கியது. ஆட்கள் ஊர் சுற்றப் போயிருந்தார்கள். ஜன்னலோரமாக இருந்த கீழ்க்கட்டிலில் மட்டும் துண்டும் இல்லை, பையும் இல்லை. கசங்கிய விரிப்பும், பாதி சுருண்ட போர்வையும், நடுவில் குழிந்த தலையணையும் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் உண்டு. கட்டிலில் சாமான் இல்லாமல் அழுக்கு விரிப்பு மட்டும் கிடந்தால், நோயாளி போய்விட்டான் என்று அர்த்தம். வீட்டுக்குப் போனானோ மேலே போனானோ, அது சலவைக்காரியின் கவலையில்லை. அடுத்தவன் வருவதற்குள் உருவியாக வேண்டும். முப்பது வருஷம் இந்தச் சட்டத்தில் ஊறிய கை அவளுடையது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில் இருக்கிறவளுக்குக் கை சும்மா இருந்தால் தாங்குமா? எழுந்தாள். போர்வையை இழுத்தாள், தலையணை உறையை உருவினாள். தூசு பறக்காமல் விரிப்பின் நாலு முனையையும் நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டையாகச் சுருட்டினாள். மெத்தைக்கு ரெக்சின் உறை போட்டிருந்தது. பையிலிருந்த துணியை நனைத்து அதையும் மூலை முடுக்கு விடாமல் துடைத்தாள்.

சுருட்டும்போதே கண்ணில் பட்டுவிட்டது. விரிப்பின் ஓரத்தில், தலைமாட்டுப் பக்கம், எண்ணெய்க் குழம்புக் கறை. புதிதும் பழையதுமாக, ஒன்றின் மேல் ஒன்று.

அறைக்கு வெளியே பொதுச் சமையல்கட்டு. அங்கே கட்டை முடி வெட்டிய ஒரு பெண் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போகிறவள். வந்த இடத்தில் சங்கிலி அறுந்து, பிறகு மனசில்லாமல், மாதக்கணக்காக அங்கேயே தங்கிவிட்டவள். அக்கா துணி மூட்டையோடு வந்து அடுப்பில் தண்ணீர் வைப்பதைப் பார்த்து அவள் கேட்டாள்:

"வேலைக்குச் சேந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. தங்க வந்திருக்கேன்."

"தங்க வந்தவங்க துவைக்கறதை இப்பத்தான் பாக்கறேன். இங்க எல்லாரும் போட்டது போட்டபடி ஓடற ஆளுங்க."

"பாத்தாலே தெரியுதே! எவனோ ஒரு சோம்பேறி, படுக்கையிலயே தின்னிருக்கான். சோத்துக்கு உக்காரக்கூட முடியாத அளவுக்கு என்ன வேலையோ துரைக்கு. பெத்தவ வளத்த லட்சணம்."

சைக்கிள்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அவங்க அம்மாவை ஏன் இழுக்கறீங்க?"

"பின்ன யாரை இழுக்கறது? பழக்கிவிட்டவளைத்தான இழுக்கணும்."

எண்ணெய்க் கறைக்கு முதலில் தண்ணீர் காட்டக்கூடாது. காய்ந்த துணியிலேயே சோப்பைத் தேய்த்து, ஊறவிட்டு, பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதெல்லாம் முறைப்படி செய்தாள். மொட்டைமாடிக் கல்லில் போட்டு, அடித்துக் கசக்கிப் பிழிந்தாள். கறை சுத்தமாகப் போய்விட்டது. கொடியில் விரித்துக் காட்டியபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாவிக்காரர் காய்கறிக் கூடையோடு மேலே ஏறி வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் பெரிய உடம்புக்காரர். அவள் எழுந்து நின்று, தான் இன்னார் என்றாள். அவர் கூடையைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"சித்தப்பாவோட அக்காவா? வாங்கம்மா, வாங்க. காலையிலயே சொல்லக்கூடாதா?"

"யாருக்குச் சித்தப்பா?"

"எல்லாருக்கும்தான். வர்றவன் போறவன் எல்லாருக்கும் அவரு சித்தப்பா. இந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தாரு. அடிச்சு முடிச்சும் போகல. எங்களுக்கும் போகச் சொல்ல மனசில்ல. வாங்க, அவரு இடத்தைக் காட்டறேன். ஒருத்தனை உக்கார விடலம்மா. போர்வை எப்படிச் சுருண்டு கிடந்துச்சோ அப்படியே…"

சொல்லிக்கொண்டே போனவர் அறை வாசலில் நின்றுவிட்டார்.

ஜன்னலோரக் கீழ்க்கட்டிலில் ரெக்சின் மெத்தை பளபளவென்று கிடந்தது.

"யாரு எடுத்தது?" அவர் குரல் உயர்ந்தது. "ஏ சைக்கிளு! இங்க வா! யாரு இதை எடுத்தது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

ஓடிவந்த பெண் கட்டிலைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"அவளைத் திட்டாதீங்க" என்றாள் அக்கா. "நான்தான்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மொட்டைமாடிக்கு ஏறினாள். கொடியில் தொங்கிய விரிப்பை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அழுத்திக்கொண்டாள். சோப்பு வாசனை. தலையணை உறையை எடுத்தாள். சோப்பு வாசனை. முப்பது வருஷமாக அவள் மேலேயே வீசிக்கொண்டிருக்கிற வாசனை. அதில் தம்பி இல்லை.

பின்னாலேயே வந்த சாவிக்காரர், "மெத்தை இருக்கும்மா" என்றார்.

"அதையும் துடைச்சிட்டேன்."

"போர்வை…"

"தோ தொங்குது."

"அவரு பை கீழ ஸ்டோர்ல இருக்கு. சட்டை எல்லாம் இருக்கு."

கீழே போய்ப் பையைத் திறந்தார்கள். பிரஷ்கள் மண்ணெண்ணெயில் கழுவி, தாளில் சுற்றி இருந்தன. சட்டைகள் துவைத்து, காலர் உள்ளே போக மடித்து, வரிசையாக. அக்கா பழக்கிவிட்ட மடிப்பு. அழுக்குச் சட்டை ஒன்றுகூட இல்லை. அன்றைக்குப் போட்டிருந்ததை ஆஸ்பத்திரியிலேயே கத்தரித்து எறிந்துவிட்டார்களாம். அவளுக்குத் தெரியாதா, அவள் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

"படுபாவி, ஒரு அழுக்குத் துணியாச்சும் வெச்சிட்டுப் போகக்கூடாதா" என்றாள். அப்புறம், "அவனை ஏன் சொல்றேன்? பெத்தவளுக்கு முகம் காட்ட நேரத்துக்கு வரலன்னு அவனை வாசல்ல வெச்சுக் கேட்டேன். அவனுக்காக நீங்க கூப்பிட்டப்ப நான் போனை வெட்டினேன். மிச்சம் இருந்ததையும் நானே என் கையால அடிச்சுத் துவைச்சுட்டேன். சுத்தமாத் துவைச்சுட்டேன்யா." தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடக்கம் பண்ணின இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றார் சாவிக்காரர். "நாளைக்குப் போவோம். மண்ணு எங்க ஓடிடப் போகுது" என்று அவள் மறுத்துவிட்டாள்.

மத்தியானம் சைக்கிள்காரிதான் அவளை வலுக்கட்டாயமாக எழுப்பினாள். "வாங்க அத்தை, ஒரு வாய் சாப்பிடுங்க. சித்தப்பா சாப்பிடற கடைக்கே போவோம்." சித்தப்பாவின் அக்கா அத்தைதானே. முறை வைத்துக் கூப்பிட யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது.

கடை தெருமுனையில். இரண்டு பெஞ்சு, ஒரு கண்ணாடி அலமாரி. கல்லாவிலும் அடுப்பிலும் ஒரே அம்மாள். ரொட்டியும் குழம்பும்தான் அங்கே. யார் என்று கேள்விப்பட்டதும் கடைக்கார அம்மாள் தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேசாமல் இருக்கத் தெரியாத பெண்பிள்ளை.

"நீதானா அந்த அக்கா? உன்னைத் திட்டாத நாள் இல்ல, உன் தம்பி."

சைக்கிள்காரி அவளைக் கண்ணால் அடக்கப் பார்த்தாள். அவள் அடங்குகிற ஆளா?

"பாதி இங்க உக்காந்து திம்பாரு. மீதி ரொட்டியைக் குழம்புல தோச்சு, தாள்ல கட்டிக் குடுன்னு நிப்பாரு. எதுக்குய்யா, இங்கயே தின்னுட்டுப் போன்னா, படுத்துக்கிட்டுத் தின்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும், எங்கக்கா கெடுத்து வெச்ச பழக்கம்னுவாரு. இந்த வயசுலயும் அவளால விரிப்பெல்லாம் கறைம்பாரு. சொல்லும்போது மூஞ்சியைப் பாக்கணுமே, என்னமோ சொத்து எழுதி வெச்சுட்ட மாதிரி."

அக்கா தோய்த்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அவர்கள் அப்பா கோபக்காரர். பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்கவில்லையென்றால், பள்ளிக்கூடம் போகாமல் ஊர் சுற்றி வந்தானென்றால், அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடையாது. தட்டைத் தொட்டால் தோல் உரிந்துவிடும். பையனோ சுற்றாமல் இருக்க மாட்டான். அப்பா வாசலில் பீடி குடிக்கிற நேரம் பார்த்து, அக்கா தன் பங்கு ரொட்டியைக் குழம்பில் தோய்த்து எடுத்துப் போய், போர்வைக்குள் நுழைத்துவிடுவாள். "மெல்லாத, சத்தம் கேக்கும். ஊறவெச்சு முழுங்கு" என்பாள். போர்வைக்குள் இருட்டில் அவளுடைய விரலையும் சேர்த்துக் கடிப்பான். காலையில் கறையைக் கண்டால் அப்பா கேட்பாரே என்று, விடிவதற்குள் விரிப்பைத் துவைத்துப் போட்டுவிடுவாள். யோசித்துப் பார்த்தால் அவள் துவைத்த முதல் விரிப்பே அதுதான்.

"தெரிஞ்சுதான் சொன்னேன் போலிருக்கு" என்றாள் சைக்கிள்காரியிடம். "பழக்கிவிட்டவளை இழுக்கணும்னேனே." சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது. பாதி ரொட்டிக்கு மேல் இறங்கவில்லை. கடைக்கார அம்மாள் மீதியைத் தாளில் கட்ட வந்தபோது, "வேண்டாம்" என்று கையைக் காட்டிவிட்டாள். "அவன் திங்காததை நான் எடுத்துட்டுப் போய் என்ன பண்ண?"

திரும்பி வந்தபோது மாடியில் வெயிலுக்கு விரிப்பு மொரமொரவென்று காய்ந்திருந்தது. அவளே எடுத்து வந்து கட்டிலில் போட்டாள். மூலைகளை ஆஸ்பத்திரி மடிப்பாகச் செருகினாள். தலையணைக்கு உறை மாட்டினாள். சாவிக்காரர் வாசலில் நின்று, "வேற கட்டில் தரட்டுமாம்மா? மனசுக்குக் கஷ்டமா இருந்தா…" என்றார்.

"இதுல படுக்கத்தான வந்தேன்" என்றாள்.

படுத்தாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். மூக்கை உறையில் புதைத்து மறுபடியும் தேடினாள். ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான். சத்தம் வராமல் அழுவது அந்த அப்பாவின் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொழுது சாயச் சாய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாரோ பூட்சைக் கழற்றி எறிந்தார்கள். ஒருவன் தான் தின்ற ஏதோ பழத்தால் வயிறு போகிறது என்று புலம்ப, இன்னொருவன், "நேத்தே சொன்னேன், உன் மூஞ்சிக்கு அந்தப் பழம் ஆகாதுன்னு" என்றான். முழங்கால் கட்டுக்காரன் படியேறி வந்து, நாளைக்கு மழை வருமா வராதா என்று எல்லோரிடமும் கேட்டான். ஒருத்தி தொலைந்துபோன ஒற்றைக் காலுறையைத் தேடிக் கட்டில் கட்டிலாகக் குனிந்தாள். குழம்பு வாசமும் ஈரத்துணி வாசமும் கலந்து வந்தது. மேல்கட்டில் கிரீச்சிட்டது. சைக்கிள்காரி ஏறிப் படுத்திருந்தாள்.

தினம் சாயங்காலம் தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. பெற்றவன் அதட்டாத, கூடப்பிறந்தவள் வாசலில் வைத்துக் கேள்வி கேட்காத ஒரு வீடு. இங்கிருந்து எதற்கு அவன் வரப்போகிறான்? அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் வலித்தது.

அறை இருண்டுகொண்டு வந்தது. மேல்கட்டிலிலிருந்து, ஏதோ படித்துக்கொண்டிருந்த பெண், யோசிக்காமல், தினப்படி கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டாள்:

"சித்தப்பா, லைட்டு போட்டுக்கவா?"

காலுறை தேடியவள் குனிந்தபடியே நின்றாள். மேலே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டது கட்டில் அசைவிலேயே தெரிந்தது.

கீழே போர்வை தலையிலிருந்து விலகியது.

"போட்டுக்கோம்மா" என்றாள் அக்கா. "நான் தூங்கல."